தராசு மில்லுக்குள் போனதும் வெளியே வந்ததும்

போன மாதம் எங்கள் கல்லூரி வரலாற்றுத் துறைக்கு ஆராய்ச்சி மையம் என்ற தகுதி கிடைத்தது. இனிமேல் நம் பிள்ளைகள் சென்னைக்கோ சேலத்துக்கோ ஓடாமல் தருமபுரியிலேயே முனைவர் பட்டம் வாங்கலாம். அதற்கு ஒரு சின்ன விழா வைத்து, ஓய்வு பெற்ற என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் ஒரு மாணவி எழுந்தாள். கடத்தூர்ப் பக்கத்துப் பெண். மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"மேடம், பழைய ரெக்கார்டு எல்லாம் இப்ப செல்லுலயே கிடைக்குதுங்க. அப்புறம் எதுக்குங்க ஊர் ஊரா போயி ஆளுங்களப் பார்க்கணும்? அதுவுமில்லாம பொருளாதார வரலாறுன்னு படிச்சு யாருக்கு என்னங்க பிரயோசனம்?"

மண்டபத்தில் சிரிப்பு. துறைத் தலைவர் அவளை முறைத்தார். எனக்கோ சந்தோஷம். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் எல்லோரும் கேட்க நினைத்து, மரியாதைக்காகக் கேட்காமல் விட்ட கேள்வி அது. சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் அன்று சுருக்கமாக ஏதோ சொல்லி முடித்தேன். அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதில் இதுதான்.

நான் நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவள். எங்கள் ஊரில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொஞ்சம், கவுண்டர் குடும்பங்கள் அதிகம். எல்லோருக்கும் மானாவாரிக் காடுதான். வானம் பார்த்துக் கேழ்வரகும் சாமையும் போட்ட காடுகள் என் கண் முன்னாலேயே மரவள்ளிக் காடுகளாக மாறின. நான் பள்ளிக்கூடம் போகும்போது பாதையின் இரண்டு பக்கமும் கேழ்வரகு ஆடியது. கல்லூரிக்குப் போகும்போது அதே பாதை மரவள்ளிச் செடிக்குள் மறைந்திருந்தது. அதைப் பற்றி அப்போது எனக்கு எந்த யோசனையும் இல்லை.

தருமபுரியில் பி.ஏ., சென்னையில் எம்.ஏ. முடித்தேன். அங்கே நூலகத்தில் இந்தியப் பொருளாதாரம் பற்றிய தடித்தடியான புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் முதலில் எங்கள் மாவட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் ஒரே வார்த்தையோடுதான் இருக்கும். பின்தங்கிய மாவட்டம். யார் எங்களைப் பின்னால் தள்ளினார்கள், எப்போது, எப்படி என்று ஒரு புத்தகத்திலும் இல்லை. அந்தக் கோபத்தில்தான் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தேன். தலைப்பு, தருமபுரி வட்டாரத்தில் மரவள்ளியின் அரசியல் பொருளாதாரம். என்னோடு படித்தவர்கள் வைசிராய்களையும் ஐந்தாண்டுத் திட்டங்களையும் எடுத்துக்கொண்டபோது நான் கிழங்கை எடுத்துக்கொண்டேன். விடுதியில் எனக்குக் குச்சிக்கிழங்கு என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் கமலவேணி மேடம். ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, காதில் சின்னக் கல் தோடு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அவர் அறைக் கதவைத் தட்டுவதற்கு முன்னால் தாள்களை இன்னொரு தடவை புரட்டிப் பார்ப்பேன்.

எழுதிக் கொண்டுபோன அத்தியாயத்தை அவர் கையில் வாங்க மாட்டார். "வாசிம்மா" என்பார். நான் ஜன்னலோரமாக நின்று சத்தமாக வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு, கையில் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். ஒரு வாக்கியம் பிடிக்கவில்லை என்றால் பென்சில் மேசையில் ஒரு தட்டு தட்டும். நான் நிறுத்த வேண்டும். அப்புறம் ஒரே கேள்வி.

முதல் நாள் நான் வாசித்தது இன்னும் நினைவிருக்கிறது. "மானாவாரி நிலங்களில் கேழ்வரகுக்குப் பதிலாக மரவள்ளி பயிரிடப்பட்டது."

பென்சில் தட்டியது.

"யாரு?"

"மேடம்?"

"யாரு பயிரிட்டாங்க?"

"விவசாயிங்க மேடம்."

"எந்த விவசாயி? கிணறு இருந்தவரா, இல்லாதவரா? சொந்தக் காடா, குத்தகையா? முதல் வருஷம் நடறதுக்குக் குச்சி யாரு குடுத்தாங்க? சும்மாவா குடுத்தாங்க?"

நான் தாளில் தேடினேன். தாளை என்னிடமிருந்து வாங்கி, 'பயிரிடப்பட்டது' என்ற சொல்லைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் அன்றைய வகுப்பு.

அடுத்த தடவை கவனமாக இருந்தேன். 'பயிரிடப்பட்டது', 'உயர்த்தப்பட்டது' மாதிரியான வினைகளை எல்லாம் களைந்துவிட்டு, தைரியமாக வாசித்தேன். "அந்த ஆண்டு கிழங்கு விலை விழுந்தது."

தட்டு.

"விலை என்ன மாங்காயா, தானா விழறதுக்கு? யாரு தள்ளுனாங்க?"

அன்றைக்கு விடுதிக்குத் திரும்பி அழுதேன். ஆனால் பேருந்தில் ஊருக்கு வரும்போது அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் படித்த புத்தகங்களில் எல்லாம் விலைகள் தாமாக ஏறின, தாமாக இறங்கின, மாவட்டங்கள் தாமாகப் பின்தங்கின. மனிதர்களே இல்லாத ஒரு நாட்டைப் பற்றி எழுதியது போல இருந்தது. எங்கள் ஊரில் விலை சொன்னவருக்கு முகம் இருந்தது, மீசை இருந்தது, புல்லட் வண்டி இருந்தது. அவரை நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

களப்பணிக்கு மேடம் சில விதிகள் வைத்திருந்தார். 'ஏன்' என்று எடுத்தவுடன் கேட்கக் கூடாது. கேட்டால் ஆட்கள் நமக்குப் பிடித்த பதிலைத் தயாரித்துத் தருவார்கள். அன்றைக்கு என்ன செய்தீர்கள், அப்புறம் என்ன, பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுதான் கேட்க வேண்டும். ஒரு சங்கதியை ஒருவர் சொன்னால் அது செய்தி. ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள் தனித்தனியாக அதையே சொன்னால் அது சான்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த உண்மையைச் சொன்னால் தனக்கு நட்டம் வருமோ, அந்த உண்மையை ஒருவர் சொல்கிறார் என்றால் அவரை விடவே கூடாது.

இப்படித்தான் எங்கள் மாவட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். எல்லைப் பக்கம் சில ஊர்களில் நான் தமிழில் கேட்பேன், அவர்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசி முடிவு செய்து எனக்குத் தமிழில் பதில் சொல்வார்கள். எனக்கு வேண்டியது அந்த நடுவில் பேசிய பேச்சுதான். அதற்காகவே கன்னடம் கற்றேன். சந்தை, மில், காடு என்று அலைந்ததில் ஒரு கேள்வி மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. அதுதான் 'பாயிண்ட்'.

இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்ததுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஜவ்வரிசி மில்லுக்குப் போகும் கிழங்கை எடைக்கு மட்டும் வாங்க மாட்டார்கள். அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்ப்பார்கள். கொஞ்சம் கிழங்கை எடுத்து முதலில் சாதாரணமாக நிறுத்து, அப்புறம் தண்ணீருக்குள் முக்கி நிறுப்பார்கள். மாவு அதிகம் உள்ள கிழங்கு தண்ணீருக்குள்ளும் கனமாக நிற்கும். தராசு காட்டும் அந்த எண்தான் பாயிண்ட். அதை வைத்துத்தான் விலை. கிழங்கு எடுக்கிறவர் மெலிந்த கிழங்காகப் பொறுக்கினாலோ, ஒட்டியிருக்கும் மண்ணைத் தட்டாமல் நிறுத்து, அது தண்ணீரில் கரைந்துபோனாலோ பாயிண்ட் இறங்கிவிடும். நான் ஆராய்ச்சி செய்த காலத்தில் மில்லின் கேட்டுக்கு உள்ளேதான் பாயிண்ட் எடுத்தார்கள். விவசாயி வெளியே நிற்பார். உள்ளேயிருந்து ஒரு சீட்டு வரும்.

இது எப்போதிலிருந்து இப்படி? கேட்ட இடத்தில் எல்லாம், "அது ஆதியிலேர்ந்தே அப்படித்தாங்க" என்றார்கள். எனக்கு மேடத்தின் பென்சில் சத்தம் கேட்டது.

பதில் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. என் அண்ணன் சவரிமுத்து அப்போதே கிழங்கு புரோக்கர். விவசாயிக்கும் மில்லுக்கும் நடுவில் நின்று லோடு ஏற்றிவிட்டு இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிற தொழில். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நான் சும்மா கேட்டேன். "அண்ணா, மொதல் மொதலா பாயிண்ட் எடுத்தப்ப நீ எங்க நின்ன?"

அவர் கை சோற்றில் நின்றது. "எங்க நின்னனா? நாந்தான் பாப்பா எடுத்தேன். மில்லுக்காரங்க தராச வண்டியில வச்சு நம்ம களத்துக்கே கொண்டாந்தாங்க. யாரும் நம்பல. தண்ணியில முக்கி எட போடறியே, ஏமாத்தறியான்னு சண்ட. அதனால ஜனங்க முன்னாடியே தொட்டிய வச்சு எடுத்துக் காட்டுனோம். கெழங்கப் பொறுக்குனது விவசாயிங்கதான். கொஞ்ச வருஷம் அப்படியே போச்சு. எல்லாருக்கும் பழகுனதும் தராசு மில்லுக்குள்ள போயிருச்சு."

"யாரு உள்ள கொண்டுபோனாங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "இதயெல்லாம் எழுதப் போறியா? எம் பேரு மட்டும் எங்கயும் வரக்கூடாது. அவங்க மில்லுக்குத்தான் நான் லோடு ஏத்தறேன்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு பழைய மேஸ்திரிகளையும், மில் கணக்கர்களையும், பாயிண்டைத் திட்டித் தீர்த்த விவசாயிகளையும் தேடிப் பிடித்து, 'நீங்க எங்க நின்னீங்க?' என்று மட்டும் கேட்டேன். ஒருவரை ஒருவர் கண்டாலே ஆகாதவர்கள் ஒரே காட்சியைச் சொன்னார்கள். தொட்டி முதலில் வெளியேதான் இருந்தது.

மேடம் அப்படியே ஏற்றுக்கொள்கிறவர் இல்லை. என் சாட்சிகளில் தன் விருப்பத்துக்குச் சிலரைத் தேர்ந்தெடுத்து, நான் கூட இல்லாமல், தானே நேரில் போய்க் கேட்டுச் சரிபார்ப்பது அவர் பழக்கம். தருமபுரிக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். அம்மா களி கிண்டிப் போட்டார். மேடம் களியை மென்று தின்ன, அம்மாவுக்குத் தாங்கவில்லை. "மெல்லாதீங்கம்மா, அப்படியே முழுங்குங்க" என்று சொல்லிக் கொடுத்தார். அந்தச் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு அண்ணனிடம் பேசி முடித்துவிட்டார். திரும்பி வந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உங்க அண்ணன் தன் பொழப்புக்கே கேடு வர்ற உண்மையச் சொல்றார். அத வச்சுக்கோ. பேர விட்டுடு. வாக்குன்னா வாக்கு."

வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. வேறு மாநிலத்திலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் தேர்வாளராக வந்திருந்தார். ஆவணம் இல்லாத வரலாறு வெறும் கதை என்று எழுதி வந்தவர். அரங்கம் நிறைந்திருந்தது. விதிப்படி வழிகாட்டி வாய் திறக்கக் கூடாது. மேடம் முதல் வரிசையில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

தேர்வாளர் நேராக மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்தார். தராசு வெளியிலிருந்து உள்ளே போனது என்பதற்கு எழுத்து ஆதாரம் எங்கே? இல்லை, வாய்மொழிச் சான்றுகள்தான் என்றேன். சாட்சிகளின் பெயர்? சொல்ல மாட்டேன் என்றேன். அரங்கத்தில் சலசலப்பு. "அப்படியென்றால் இது வதந்தி அல்லவா?" என்றார்.

பதில் எனக்குத் தெரியும். பல தடவை ஜன்னலோரத்தில் நின்று பட்டிருக்கிறேன்.

"ஐயா, இரண்டாம் அத்தியாயத்தில் அரசு அறிக்கையிலிருந்து மரவள்ளிப் பரப்பைக் கொடுத்திருக்கிறேன். அதை நீங்கள் கேள்வி கேட்கவில்லை. அந்த எண்ணைச் சொன்னவர் யார்? ஏதோ ஒரு கிராம அதிகாரி. காட்டைப் பார்த்துச் சொன்னாரா, வீட்டிலிருந்தே சொன்னாரா, நமக்குத் தெரியாது. அவர் பெயரும் தெரியாது. அச்சில் வந்ததால் ஆவணம் என்கிறோம். என் சாட்சிகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கே நின்றார்கள் என்று கேட்டிருக்கிறேன். அவர்களில் பலருக்கு இந்த உண்மையால் நட்டம்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். "சரி. நீங்கள் சொல்வது தவறு என்று எது காட்டும்?"

"தொடக்கத்திலேயே விவசாயியை வெளியே நிறுத்தியதைத் தன் கண்ணால் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் போதும். அப்படிச் சொல்கிறவரை நானே தேடினேன். ஒருவர் கிடைத்தார். அடிக்குறிப்பில் இருக்கிறார். விசாரித்ததில் தராசு உள்ளே போன பிறகுதான் அவர் மரவள்ளி போட ஆரம்பித்தார் என்று தெரிந்தது."

தேர்வாளர் அடிக்குறிப்பைத் தேடிப் படித்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு. தன் சொந்தக் கருத்துக்கு எதிரான சான்றைத் தேடிப்போன ஆராய்ச்சியைப் பார்த்து ரொம்ப நாளாகிறது என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, பட்டத்துக்குப் பரிந்துரைத்தார். கைதட்டல் எழுந்தது. வெளியே வந்ததும் நான் மேடத்தின் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார். "கடைசி அத்தியாயத்துல வட்டம் போட எடமே கிடைக்கல" என்றார். இன்றுவரை எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

பிறகு அரசுக் கல்லூரி வேலை, பல ஊர் மாற்றல், கடைசியில் தருமபுரி. ஆய்வேடு புத்தகமாக வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்தார்கள். கருத்தரங்குகளுக்குப் போனேன், விருது கூட வாங்கினேன். ஆனால் மில் கேட்டுக்கு வெளியே விவசாயி அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் முருகேசன் என்னைத் தேடி வந்தார். கடத்தூர்ப் பக்கத்து விவசாயி, என்னிடம் பி.ஏ. படித்தவர், அப்போது விவசாயிகளைத் திரட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், கலெக்டர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கறாங்க. நாங்க, மில்லுக்காரங்க, ஆபீசருங்க எல்லாம். எங்க முன்னாடி பாயிண்ட் எடுங்கன்னு கேட்டா, ஆதி வழக்கமே உள்ள எடுக்கறதுதான்னு சொல்றாங்க. நீங்க இதுக்குன்னே புஸ்தகம் எழுதியிருக்கறீங்களே. வந்து சொல்லுங்க மேடம்."

வருகிறேன் என்றேன். செய்தி அண்ணன் காதுக்குப் போய்விட்டது. கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"போவாத பாப்பா."

"உன் பேரச் சொல்ல மாட்டேண்ணா."

"நீ சொல்லாட்டி என்ன? உன் அண்ணன் புரோக்கருன்னு இந்த ஜில்லாவுக்கே தெரியும். இப்ப பையன் லாரி வாங்கி உட்டிருக்கறான். மில்லுக்காரங்க லோடு தராம நிறுத்திட்டா அவன் வூடு என்னாவும்?"

"அப்ப அந்தக் காட்டுக்காரங்க வூடு?"

நான் கொண்டுவந்த காபியைத் தொடாமல் அவர் போய்விட்டார். நானும் அவரும் அதற்கு முன்னால் கோபித்துக்கொண்டதே இல்லை.

கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில் ஒரு பக்கம் விவசாயிகள், எதிர்ப்பக்கம் மில்காரர்கள், பின் வரிசையில் புரோக்கர்கள். அண்ணன் அங்கே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். மில் தரப்பில் பேசியவர் நன்றாகப் படித்தவர், நாகரிகமானவர். தராசு நுட்பமான கருவி, கூட்டத்தின் நடுவில் வைக்க முடியாது, தவிர தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம் இது என்று அழகாகச் சொன்னார். கலெக்டர் என் பக்கம் திரும்பினார். முப்பது வயதுக்கு மேல் இருக்காத பெண்.

நான் எழுந்து, வகுப்பில் சொல்வதைப் போல வரிசையாகச் சொன்னேன். முதலில் கிழங்கைத் தோண்டாமலே காட்டோடு விலை பேசினார்கள். அப்புறம் எடைக்கு வாங்கினார்கள். அப்புறம் பாயிண்ட் வந்தது. வந்தபோது தொட்டி களத்தில் இருந்தது. விவசாயிகள் கிழங்கைப் பொறுக்கினார்கள். நம்பிக்கை வந்த பிறகு தராசு உள்ளே போனது. வழக்கம் என்று எதைச் சொல்கிறீர்களோ அது பின்னால் வந்தது. முதலில் இருந்த வழக்கம் இதற்கு நேர் எதிரானது.

மில் தரப்பில் பேசியவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார். "மேடம் புத்தகத்த நானும் படிச்சிருக்கேங்க. நல்ல புத்தகம். ஆனா ஒரு புரோக்கர் சொன்னார், ஒரு மேஸ்திரி சொன்னார்னுதான் இருக்கு. யாருங்க அந்தப் புரோக்கர்?"

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து நான் கேட்ட கேள்வி என்னை நோக்கி வந்தது. பின் வரிசையைப் பார்க்காமல் இருக்க என் கழுத்தைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

கலெக்டர் கேட்டார். "சொல்ல முடியுங்களா மேடம்?"

"முடியாதுங்க. வாக்குக் குடுத்திருக்கேன்."

மில்காரர்கள் பக்கம் மெல்லிய சிரிப்பு. முருகேசன் முகம் வாடிவிட்டது. கலெக்டர் பேனாவை மூடினார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பின்னாலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"நாந்தாங்க அது."

அண்ணன் நின்றுகொண்டிருந்தார். துண்டு கையில் இருந்தது.

மில் தரப்பில் பேசியவருக்கு முகம் மாறியது. "சவரி அண்ணே, நீங்களா? எத்தன வருஷமா நம்மகூட இருக்கறீங்க?"

"இருக்கறனுங்க. அதனாலதான் சொல்றேன். உங்க தராசுல மொதல்ல முள்ளப் பார்த்து பாயிண்டச் சொன்னவனே நாந்தாங்க. கெழங்கு அவங்க பொறுக்குனாங்க. தொட்டியச் சுத்தி ஊரே நின்னுச்சு. யாரும் எட்டக் கூட நிக்கல. பொய்யின்னா என் தொழில நீங்க இன்னிக்கே எடுத்துக்குங்க."

அப்போது மில்காரர்கள் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். இருப்பதிலேயே பழைய மில் ஒன்றின் முதலாளி. எழுந்திருக்கவில்லை. கைத்தடியை மட்டும் கொஞ்சம் தூக்கினார்.

"அவர் சொல்றது நெசந்தாங்கம்மா. எங்கப்பா காலத்துல தராச வண்டியில ஏத்திக்கிட்டு நானும் களத்துக்குப் போயிருக்கேன். மழக்காலத்துல செரமமா இருக்குன்னு உள்ள வச்சோம். அப்புறம் வெளிய எடுக்கல. எடுக்க யாருக்கு மனசு வரும்?"

அரங்கத்தில் சிரிப்பு வெடித்தது, மில்காரர்கள் பக்கமும்தான். அவர்களுடைய பேச்சாளர் கையிலிருந்த காகிதத்தை மடித்துவிட்டார். தனக்கு நட்டம் வரும் உண்மையை ஒருவர் சொன்னால் விடாதே என்று மேடம் சொன்னாரே, ஒரே அறையில் இரண்டு பேர், அதுவும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். எந்தத் தேர்வாளரும் இதற்கு மேல் என்னிடம் கேட்க முடியாது.

அன்றைய கூட்டத்திலேயே முடிவானது. விவசாயி முன்னிலையில்தான் பாயிண்ட் எடுக்க வேண்டும். கிழங்கை அவர்தான் பொறுக்க வேண்டும். தராசை முத்திரை ஆய்வாளர் சோதித்து முத்திரை போட வேண்டும். சந்தேகம் வந்தால் விவசாயி மறுபடி எடுக்கச் சொல்லலாம். கடத்தூரில் பொதுவாக ஒரு களம் அமைக்கவும் ஏற்பாடானது.

வெளியே வந்தபோது முருகேசனும் மற்றவர்களும் அண்ணனைத் தூக்காத குறை. அவர் கூச்சத்தில் நெளிந்தார். எதிரில் இருந்த டீக்கடைக்கு இரண்டு பேரும் போனோம். எனக்குக் கண் கலங்கிக்கொண்டே வந்தது. அவர் டீயை ஆற்றி என்னிடம் நீட்டினார்.

"நீ வாயத் தொறந்து எம் பேரச் சொல்லியிருந்தா நான் எந்திரிச்சே இருக்க மாட்டேன்" என்றார். "முடியாதுன்னு சொன்ன பாரு, அப்பறம் எப்படி உக்காந்திருக்கறது?" தன் டீயைக் குடித்து முடித்துவிட்டு, "அடுத்த தடவ புஸ்தகம் அச்சடிச்சா பேரப் போட்டுடு பாப்பா. இனிஷியலோட போடு" என்றார்.

இரண்டாம் பதிப்பில் மூன்றாம் அத்தியாயத்தில் 'புரோக்கர் ஒருவர்' இல்லை. ம. சவரிமுத்து இருக்கிறார். சில மில்கள் அவருக்கு லோடு தராமல் நிறுத்தியது உண்மை. ஆனால் சவரி அண்ணன் நின்று பார்த்தால்தான் கிழங்கைக் கொடுப்போம் என்று விவசாயிகள் சொல்லிவிட்டார்கள். அடுத்த அறுவடைக்குள் நிறுத்திய மில்களே கூப்பிட்டன. பையன் இன்னொரு லாரியும் வாங்கிவிட்டான். கமலவேணி மேடத்துக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். படுத்த படுக்கையாக இருந்தவர் முழுவதையும் கேட்டு, "அந்த மில் முதலாளியையும் அடிக்குறிப்புல சேர்த்துடு" என்றார்.

போன அறுவடையின்போது நான் கடத்தூர்க் களத்துக்குப் போயிருந்தேன். சும்மா பார்க்கத்தான். டிராக்டர்கள் வரிசையாக நின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெண் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு தராசுக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மண்ணத் தட்டாம எடுத்தா பாயிண்ட் எப்படிங்க வரும்? மறுபடியும் எடுங்க."

தராசுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி எடுத்தார். பாயிண்ட் ஏறியது. அவள் எண்ணைத் தானே குனிந்து பார்த்துக்கொண்டு நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "உங்க வண்டி எங்கங்க ஆத்தா?" என்றாள்.

"எனக்கு வண்டி இல்லம்மா. பாயிண்ட் எடுக்கறதப் பார்க்க வந்தேன்."

"இதுல பார்க்க என்னங்க இருக்குது?"

"முன்னாடியெல்லாம் மில்லுக்குள்ள வச்சு எடுப்பாங்க. காட்டுக்காரங்கள உள்ள வுட மாட்டாங்க."

நான் ஏதோ புத்தி பிசகிப் பேசுவதைப் போல அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நாம இல்லாமயா? நம்ம கெழங்க நாம இல்லாம எப்புடிங்க எடுப்பாங்க?" என்று சொல்லிவிட்டு, அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள்.